திருச்சிச் சுருட்டும் சிறுநீரகமும்

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சேறியது 1887-ல். 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' என்ற அந்த நாவலில், கொலை நடந்த வீட்டின் தரையில் சிந்திக் கிடந்த சாம்பலைப் பார்த்தே, கொலையாளி பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். அது எந்த ஊர், எங்கே இருக்கிறது என்று கோனன் டாயில் விளக்கவே இல்லை. லண்டன் வாசகனுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. மலைக்கோட்டையையும் அரங்கனையும் கேள்விப்படாத ஆங்கிலேயன்கூட நம் ஊர்ப் பெயரைச் சுருட்டால் தெரிந்து வைத்திருந்தான்.

சுருட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். எழுத உட்கார வைத்தது வேறு விஷயம். காலையில் எங்களோடு உத்தர வீதி சுற்றி நடக்க வரும் நண்பர் ஒருவருக்குச் சென்ற வருஷம் சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது 68. "நான் சுருட்டும் தொட்டதில்லை, பீடியும் தொட்டதில்லை, வெற்றிலைகூடக் கல்யாண வீட்டோடு சரி. எனக்கு எப்படி ஸார் வந்தது?" என்று கேட்டார். அவருடைய தாத்தா உறையூர்ச் சுருட்டு பிடித்தே எண்பது வயது வரை இருந்தவர். கேள்வி நியாயமானது. பதில் சொல்லப் போனால் ஒரு நூற்றாண்டுச் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் சுருட்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு'தான். புகையிலை நம்முடையது இல்லை. அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. ஜஹாங்கீர் 1617-லேயே புகையிலையைத் தடை செய்து பார்த்தார், யாரும் கேட்கவில்லை. செடி அவர்களுடையதாக இருந்தாலும் அதைச் சுற்றிப் பிடிக்கும் வகைக்கு உலகம் எடுத்துக்கொண்ட பெயர் தமிழ்ப் பெயர். 1886-ல் வந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற ஆங்கிலோ இந்திய அகராதியில் 'டிரிச்சீஸ்' என்று தனிச் சொல்லே உண்டு. நீளமாக, கரடுமுரடாக, வாயில் வைக்கும் முனையில் ஒரு வைக்கோல் துண்டு செருகியிருக்கும் என்று அதில் வர்ணனை. விலை மலிவு, பழகியவனுக்கு வேறு எதுவும் பிடிக்காது என்பது அதன் சாரம்.

சுற்றியது உறையூரில், இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது. உசிகப்பல், வாரகப்பல் என்று அந்த இலை ரகங்களுக்குப் பெயர். திண்டுக்கல்லில் ஸ்பென்ஸர் கம்பெனியே பெரிய சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது. ஆனாலும் பெயர் என்னவோ திருச்சிக்குத்தான் போயிற்று. வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு உறையூரிலிருந்து சுருட்டு போனது என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை. அவர் இளம் அதிகாரியாக 1896-ல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர் என்பது சரித்திரம்.

சர்ச்சிலைச் சொன்னதும் ஒரு வாதம் கூடவே வரும். "அந்த மனுஷன் நாள் பூராச் சுருட்டும் கையுமாகத் தொண்ணூறு வயது இருந்தானே, என்ன ஆகிவிட்டது?" டீக்கடையில் இதைக் கேட்காதவர் யார்? 1965 ஜனவரியில் அவர் இறந்தபோது வயது தொண்ணூறுதான். ஆனால் ஒரு சர்ச்சிலை வைத்துக்கொண்டும், என் நண்பரின் தாத்தாவை வைத்துக்கொண்டும் எதையும் தீர்மானிக்க முடியாது. எத்தனை பேர் பிடித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு என்ன வந்தது, பிடிக்காதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று உட்கார்ந்து எண்ண வேண்டும். புற்றுநோயின் காரணங்கள் பெரும்பாலும் இப்படிப் பொறுமையாக எண்ணி எண்ணித்தான் தெரியவந்தன.

எண்ணும் வேலை நம் பக்கத்திலேயே சீக்கிரம் தொடங்கிவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்றைய திருவிதாங்கூரில், நெய்யூர் என்ற ஊரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வேலை பார்த்த டாக்டர் பென்டால் 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தைத் தொகுத்து 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். அதே வருஷம் அதே ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஃபெல்ஸ் என்பவர் வாய்ப்புற்றுக்குச் செய்த 209 அறுவை சிகிச்சைகளைப் பற்றி எழுதினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை இவற்றைக் கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கத்தின் மேல்தான் அவர்களுடைய சந்தேகம். ஆந்திரத்தில் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கம் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டு பிடிக்கும் பெண்களுக்கு மேல்வாயில் புற்று வருவதும் பின்னால் தெரியவந்தது.

கவனித்துப் பாருங்கள், எல்லாமே வாய். வாயைத் திறந்தால் டாக்டர் கண்ணுக்குப் புண் தெரியும். சிறுநீரகம் முதுகுப் பக்கம், விலா எலும்புக்கு அடியில், கொழுப்புக்குள் பொதிந்து கிடக்கிறது. அதில் கட்டி வந்து ஒருவர் இறந்தால் "வயிற்றில் ஏதோ கட்டி" என்றோ "மூத்திரத்தில் ரத்தம் போய் இளைத்துப் போனார்" என்றோதான் வீட்டில் சொல்வார்கள். மேல்நாட்டிலும் நிலைமை ரொம்ப மேல் இல்லை. ஜெர்மனியில் கிராவிட்ஸ் என்ற நோய்க்கூறு நிபுணர் 1883-ல், இந்தக் கட்டிகள் சிறுநீரகத்தின் கட்டிகளே அல்ல, தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் துணுக்கு தவறிப்போய் உள்ளே தங்கி வளர்வது என்று சொன்னார். அது சரியில்லை. ஆனாலும் அவர் கருத்தை ஒட்டி வந்த 'ஹைப்பர்நெஃப்ரோமா' என்ற பெயர் நூறு வருஷம் மருத்துவர்கள் வாயில் புழங்கியது. எங்கிருந்து வருகிறது என்பதிலேயே குழப்பம் என்றால், எதனால் வருகிறது என்று யார் கேட்பது?

புற்றுநோய்க்கென்று தமிழ்நாட்டில் தனி ஆஸ்பத்திரி வந்ததும் பிந்தித்தான். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தது 1923-ல். அடையாறு புற்றுநோய் நிலையத்தை அவர் தொடங்க முடிந்தது 1954-ல்; இடையில் 31 வருஷம். தொடங்கும்போது 12 படுக்கை. ஊர் முழுக்க யாருக்கு எந்தப் புற்று என்று பதிந்து எண்ணும் பதிவேடு இந்தியாவில் முதலில் பம்பாயில் 1963-ல் வந்தது. ஐ.சி.எம்.ஆர். தேசியத் திட்டமாக 1981 கடைசியில் ஆரம்பித்தபோது சென்னையும் சேர்ந்தது. அந்தப் பொறுப்பை ஏற்றது அடையாறு நிலையம். அதற்கு முன் நம் தாத்தாக்கள் காலத்தில் சிறுநீரகப் புற்று இருந்ததா, எவ்வளவு இருந்தது என்பதற்குக் கணக்கே கிடையாது. "அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லை" என்று நாம் அடித்துச் சொல்வதில் பாதி, எண்ணாததால் வந்த நம்பிக்கை.

புகைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் டோலும் ஹில்லும் 1951-ல் டாக்டர்களையே பிடித்து, நீங்கள் புகைப்பீர்களா என்று கடிதம் போட்டுக் கேட்டு, வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது வருஷக் கணக்கு 2004-ல் வந்தது: விடாமல் சிகரெட் பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். சராசரி என்பதால் அதில் தொண்ணூறைத் தொட்ட சர்ச்சில்களும் உண்டு, நாற்பத்தைந்தில் போனவர்களும் உண்டு. அமெரிக்க அரசின் புகழ்பெற்ற அறிக்கை 1964-ல் வந்தபோது பேச்செல்லாம் நுரையீரலும் குரல்வளையும்தான். அதே அரசின் அறிக்கையில் புகையால் வரும் புற்றுகளின் பட்டியலில் சிறுநீரகம் ஏறியது 2004-ல். சரியாக நாற்பது வருஷம்.

நுரையீரலுக்குப் போகும் புகை சிறுநீரகத்தில் எப்படி வேலை செய்கிறது என்று நண்பர் கேட்டார். புகை போகவில்லை, புகையில் இருக்கும் நஞ்சுகள் ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. நம் உடம்பின் ரத்தம் முழுவதும் ஒரு நாளைக்குப் பல தடவை சிறுநீரகத்தின் வழியாகப் போய்த்தான் தீர வேண்டும். கழிவைப் பிரித்து வெளியே தள்ளும் வேலை அதனுடையது. ஊர்க் குப்பையை அள்ளுகிறவன் கையில்தான் அழுக்கு ஒட்டும். இதில் இரண்டு இடம் இருக்கிறது. சிறுநீர் சேர்ந்து இறங்கும் பேசின் போன்ற உட்பகுதி ஒன்று. ரத்தத்தை வடிகட்டும் சதைப்பகுதி ஒன்று. உட்பகுதியில் வரும் புற்றுக்குப் புகை காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1980-களிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. சதைப்பகுதிக்கு ஒப்புக்கொள்ள 2002 ஆயிற்று. சிறுநீரகப் புற்றுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைதான்.

எவ்வளவு கூடுகிறது? 2005-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், புகைக்கும் பழக்கம் இருந்த ஆண்களுக்குப் புகைக்காதவர்களைவிட ஒன்றரை மடங்கு, பெண்களுக்கு ஒன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. விட்டுப் பத்து வருஷத்துக்கு மேலானால் ஆபத்து இறங்குகிறது. இதைப் படித்துப் பயப்படவும் வேண்டாம். இந்தியாவில் இந்த நோய் வருஷத்துக்கு லட்சம் ஆண்களில் ஒருவர், இருவர் என்ற அளவில்தான் வருகிறது. சின்ன எண்ணை ஒன்றரையால் பெருக்கினாலும் சின்ன எண்தான். புகையால் நம் ஆட்கள் முதலில் இழப்பது வாயையும் நுரையீரலையும் இதயத்தையும்.

இன்னொரு பழைய சங்கதி. என் வயதுக்காரர்களுக்கு ஏ.பி.சி. மாத்திரை ஞாபகம் இருக்கும். தலைவலி, உடம்புவலி, ஜுரம் எதற்குப் போனாலும் அரசு ஆஸ்பத்திரியில் கையில் கொட்டுவார்கள். அதில் 'ஏ' ஆஸ்பிரின், 'சி' காஃபின். நடுவில் இருந்த 'பி' ஃபினாசெட்டின். ஸ்வீடனில் ஹுஸ்க்வார்னா என்று ஓர் ஊர். 1918 விஷக் காய்ச்சலின்போது அந்த ஊர் டாக்டர் யோர்ட்டான் என்பவர் இதே ஃபினாசெட்டின் கலந்த ஒரு பொடியைக் கொடுத்தார். காய்ச்சல் போன பிறகும் அங்கிருந்த ஆலைத் தொழிலாளிகள் பொடியை விடவில்லை. களைப்புக்கு ஒரு பொட்டலம், சுறுசுறுப்புக்கு ஒரு பொட்டலம், பிறந்த நாளுக்குப் பரிசாகக்கூடப் பொட்டலம் என்று ஆகிவிட்டது. பின்னால் பார்த்தால் அந்த ஊரில் சிறுநீரகம் கெட்டு இறந்தவர்கள் ஏராளம். 1960-களில் அங்கே உட்பகுதிப் புற்றும் மிகுதி என்று ஸ்வீடிஷ் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் ஃபினாசெட்டினைத் தடை செய்தது 1983-ல். இங்கே யாரும் எண்ணவில்லை. எப்போதோ இரண்டு மாத்திரை விழுங்கியவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை; அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் தினமும் தின்றவர்கள்.

வெல்டிங்கும் பட்டறையும் நிறைந்த ஊர் நம்முடையது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரும்புப் பாகங்களில் ஒட்டிய கிரீஸைப் போக்க 'ட்ரைகுளோரோஎத்திலீன்' என்ற திரவம் உலகம் முழுக்கப் புழங்கியது. ஜெர்மனியில் ஓர் அட்டைத் தொழிற்சாலையில் அதைக் கொண்டு இயந்திரம் துடைத்தவர்களுக்குச் சிறுநீரகப் புற்று கூடுதலாக வந்ததை 1995-ல் எழுதினார்கள். 2012-ல் அது சிறுநீரகப் புற்றை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச நிறுவனம் உறுதி செய்தது. பட்டறை வேலை பார்த்தவர்கள் டாக்டரிடம் போனால் என்ன வேலை பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

இனி நண்பருக்கு வருவோம். சுருட்டு இல்லை, மாத்திரை இல்லை, பட்டறை இல்லை, நாற்காலி உத்தியோகம். அவருக்கு நாற்பத்தைந்து வயதிலிருந்து ரத்தக் கொதிப்பு. மாத்திரையை ஒரு மாதம் போடுவார், தலைசுற்றல் இல்லை என்றால் இரண்டு மாதம் விட்டுவிடுவார். ஓய்வு பெறும்போது எடை 92 கிலோ. இதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. "பி.பி. யாருக்கு இல்லை?" என்றார். உண்மை. எங்கள் குழுவில் ஏழு பேர். ஐந்து பேர் பையில் பி.பி. மாத்திரை இருக்கிறது.

ஆனால் இதற்கும் எண்ணிக்கை இருக்கிறது, அதுவும் ஸ்வீடனிலிருந்தே. கட்டுமானத் தொழிலாளிகள் சுமார் 3 லட்சத்து 64 ஆயிரம் ஆண்களை 1971 முதல் 1992 வரை உடல் பரிசோதனை செய்து வைத்திருந்தார்கள். 1995 வரை தொடர்ந்து பார்த்ததில் 759 பேருக்குச் சதைப்பகுதிப் புற்று வந்தது, 136 பேருக்கு உட்பகுதிப் புற்று. முடிவு 2000-ல் வெளியாயிற்று. உயரத்துக்கு மிஞ்சி எடை கூடிய கடைசிக் கால்வாசிப் பேருக்கு, ஒல்லியானவர்களைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரத்தக் கொதிப்பு ஏற ஏற அதனோடு இதுவும் ஏறுகிறது. எடையும் புகையும் கழித்துப் பார்த்தாலும் ஏறுகிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: ஆறு வருஷம் கழித்து மறுபடி அளந்தபோது கொதிப்பு குறைந்திருந்தவர்களுக்கு ஆபத்தும் குறைந்திருந்தது. விட்டு விட்டு மாத்திரை போடும் அன்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

எடை விஷயத்தில் பெண்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். 2008-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பில், எடை-உயர விகிதம் ஐந்து புள்ளி ஏறினால் ஆண்களுக்கு 24 சதவீதமும் பெண்களுக்கு 34 சதவீதமும் ஆபத்து கூடுவதாகக் கணக்கு. மதுவில்தான் வேடிக்கை. அளவாகக் குடிப்பவர்களுக்குச் சிறுநீரகப் புற்று கொஞ்சம் குறைவாகவே வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதை வெட்டி வைத்துக்கொண்டு வீட்டில் காட்ட வேண்டாம். வாய், உணவுக்குழாய், கல்லீரல் மூன்றையும் அதே மது கெடுக்கிறது.

ஆக, நம் ஊரில் ஒன்று போய் ஒன்று வந்திருக்கிறது. அம்மா மண்டபத்துக்கு நடந்து போய்க் காவிரியில் முழுகி, ஈரத்துணியோடு நடந்தே திரும்பிய தலைமுறைக்கு வாயில் சுருட்டு இருந்தது, இல்லாவிட்டால் மூக்கில் பொடி. எங்கள் தலைமுறை சுருட்டை அநேகமாக விட்டுவிட்டது. பதிலுக்கு ஸ்கூட்டர் வந்தது, மிக்சர் வந்தது, உட்கார்ந்தே செய்யும் வேலை வந்தது. காவேரிப் பாலத்தைக் கடைசியாக எப்போது நடந்து கடந்தீர்கள்?

இதோடு ஆயுள் வந்தது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய காரணம், இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியனின் சராசரி ஆயுள் 32 வருஷம், இன்று எழுபது. சிறுநீரகப் புற்று மேல்நாடுகளில் பெரும்பாலும் அறுபத்தைந்தை ஒட்டித் தெரியவருகிற நோய். நம் மருத்துவமனைகளுக்கு வருகிறவர்கள் அதைவிடப் பத்து வயது இளையவர்கள். நம் நாட்டில் இளையவர்கள் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, எல்லா நாட்டிலும். 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 4 லட்சத்து 31 ஆயிரம் பேருக்கு இது புதிதாக வந்தது. இந்தியாவில் சுமார் 17 ஆயிரம். செக், லிதுவேனியா போன்ற நாடுகளில் நம்மைவிடப் பத்து மடங்கு அளவுக்கு விகிதம். அங்கே எடை, கொதிப்பு, புகை, முதுமை நான்கும் அதிகம். ஸ்கேன் எடுப்பதும் அதிகம். நாமும் அதே திசையில்தான் போகிறோம்.

சொந்தத்தில் யாருக்காவது இளம் வயதிலேயே, அல்லது இரண்டு சிறுநீரகத்திலும் வந்திருந்தால் அது பரம்பரையாக வரும் அபூர்வ வகையாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பதால், சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்கள் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

நண்பருக்கு எப்படித் தெரிந்தது என்றால், பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த வயிற்று ஸ்கேனில். கல் இல்லை, இடது சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. இன்று கண்டுபிடிக்கப்படும் கட்டிகளில் நிறைய இப்படி வேறெதற்கோ பார்க்கப் போய்த் தெரிபவைதான். சின்னதாக இருக்கும்போதே தெரிந்ததால் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்தார்கள். மீதிச் சிறுநீரகம் வேலை செய்கிறது. எடை இப்போது 81. மாத்திரையை அவர் மனைவியே எடுத்துக் கொடுக்கிறார்.

ஸ்கேன் எடுக்காதவர்களுக்கு இந்த நோய் காட்டும் அடையாளம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. சிறுநீரில் ரத்தம், வலி இல்லாமல். ஒரு நாள் சிவப்பாகப் போகும், அடுத்த நாள் பழையபடி தெளிந்துவிடும். சூடு என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டு, நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுவது நம் வழக்கம். அது தானாக நிற்பது சகஜம், ஆறு மாதம் கழித்துத் திரும்ப வருவதும் சகஜம். ஒரே ஒரு தடவை பார்த்தாலும் அந்த வாரமே போய்ச் சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.